உறைந்த குளத்துக்குள் மூச்சில்லாமல் ஒரு குளிர்காலம்

மிச்சிகனில் குடியிருக்கும் ஒரு வாசகி சென்ற வாரம் எழுதியிருந்தார். வீட்டுக்குப் பின்னால் சின்னதாகக் குளம் வெட்டி இரண்டு ஆமைகள் வளர்க்கிறார்கள். நவம்பர் கடைசியில் தண்ணீருக்குள் போனவை இன்னும் மேலே வரவில்லை. குளத்தை ஐஸ் மூடி ஆறு வாரம் ஆகிறது. பத்து வயது மகன் தினமும் சாயங்காலம் டார்ச் அடித்துத் தேடுகிறான். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு அப்பவே சொன்னேன். இப்போ பாவமும் சேர்ந்துக்கிச்சு" என்று வருத்தப்படுகிறாராம். "ஆமைக்கு நுரையீரல்தானே, மீன் மாதிரி செவுள் கிடையாதே? மூச்சு விடாமல் எப்படி உயிரோடு இருக்கும்? ஐஸை உடைத்து வெளியே எடுத்துவிடட்டுமா?" என்பதுதான் கேள்வி.

எடுக்காதீர்கள். குளம் மூன்றரை அடி ஆழம் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் கழுத்தில் மஞ்சள் கோடுகளும் ஓட்டின் விளிம்பில் சிவப்புக் கீற்றுகளும் தெரிகின்றன. அது பெயிண்டட் டர்ட்டில். நான் வண்ண ஆமை என்று சொல்லிக்கொள்வேன். மிச்சிகன் மாநிலம் 1995இல் தன்னுடைய அடையாள ஊர்வனவாக அறிவித்தது இதைத்தான். அந்த மாநிலத்துப் பனிக்காலம் அதற்குப் புதிதல்ல. அனேகமாக இரண்டும் உயிரோடுதான் இருக்கின்றன. எப்படி என்பதுதான் எனக்குத் தெரிந்த உடலியல் கதைகளிலேயே ஆக அழகானது.

ஒஹாயோவில் எங்கள் வீட்டுக் கொல்லையிலும் இதே இனத்தில் ஒரு ஜோடி ஒன்பது வருடமாக இருக்கிறது. ஊர் மாற்றிப் போன நண்பர் ஒருவர் விட்டுப்போனவை. ஆமை என்றால் சும்மா கிடக்கும் பிராணி என்று நினைத்திருந்தேன். ஒரே கோடையில் அந்த எண்ணம் போய்விட்டது. என் காலடிச் சத்தத்துக்கும் தபால்காரர் காலடிக்கும் வித்தியாசம் தெரிந்து, எனக்கு மட்டும் கரையோரம் நீந்தி வந்து வாயைத் திறக்கும். மண்புழுவைத் தரையில் போட்டால் கவ்விக்கொண்டு தண்ணீருக்குள் ஓடும். இந்த வகை ஆமைகளுக்குத் தண்ணீருக்குள்தான் விழுங்க முடியும். ஆண் சின்னது, ஆனால் முன்கால் நகங்கள் நீளம். பெண்ணின் முகத்துக்கு நேரே போய் அந்த நகங்களைக் கிடுகிடுவென்று நடுக்கிக் காட்டும். அதுதான் அதன் காதல் விண்ணப்பம். ஜூன் மாதத்தில் பெண் புல்தரையில் ஏறி, பின்னங்கால்களால் மட்டுமே குழி தோண்டும். மண் இறுகியிருந்தால் தன் சிறுநீரையே விட்டு நனைத்துக்கொள்ளும். திரும்பிப் பார்க்காமலே, காலின் தொடு உணர்ச்சியை மட்டும் நம்பி, குடம் மாதிரி வயிறு அகன்று கழுத்து குறுகிய குழி. முதல் தடவை பார்த்தபோது நானும் என் மனைவியும் இரண்டு மணி நேரம் ஜன்னலை விட்டு நகரவில்லை. அந்த முட்டைகளில் ஆண் பெண் தீர்மானமாவதும் மண்ணின் சூட்டைப் பொறுத்தது. மண் குளிர்ந்திருந்தால் ஆண், சூடாக இருந்தால் பெண்.

சரி, குளிர்காலத்துக்கு வருவோம்.

முதலில் ஓட்டைப் பற்றி ஒரு விஷயம். ஆமை ஓடு என்பது சட்டை மாதிரி போட்டுக்கொண்டது அல்ல. விலா எலும்புகளும் முதுகெலும்பும் அகன்று ஒன்றோடொன்று இணைந்ததுதான் மேலோடு. நமக்குத் தோள்பட்டை எலும்பு விலா எலும்புக் கூட்டுக்கு வெளியே இருக்கிறது, ஆமைக்கு உள்ளே. ஓட்டுக்குள் ரத்தம் ஓடுகிறது. தொட்டால் ஆமைக்குத் தெரியும். வண்ண ஆமையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த ஓடுதான். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில் அதிக அடர்த்தியோடு இருக்கும், அதனால் அந்தத் தண்ணீர் உறையாமல் அடியில் நிற்கும், அதைவிட லேசான ஐஸ் மேலே மிதக்கும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆமை தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளும் பிராணி இல்லை என்பதால் அதன் உடம்பும் 3, 4 டிகிரிக்கு இறங்கிவிடும். உடம்பு குளிர்ந்தால் அதற்குள் நடக்கும் வேதிவினைகள் எல்லாம் மந்தமாகும், பிராணவாயுத் தேவை மிகவும் குறையும். அந்தக் கொஞ்சத்தை ஆமை தண்ணீரிலிருந்தே தோல் வழியாகவும் வாய், தொண்டைச் சவ்வு வழியாகவும் எடுத்துக்கொள்ளும். பின்புறத்தால் மூச்சு விடும் ஆமை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் உண்மையிலேயே கெட்டிக்காரி ஆஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ராய் ஆற்று ஆமை. கழிவுத் துவாரத்துக்குள் இருக்கும் பைகளில் தண்ணீரை இழுத்து விட்டு அது மூச்சு வாங்கும். நம் வண்ண ஆமையின் வித்தை வேறு.

ஏனென்றால் பல குளங்களில் தண்ணீரிலேயே பிராணவாயு தீர்ந்துவிடும். ஐஸின் மேல் பனி விழுந்து வெளிச்சத்தை மறைத்ததும் உள்ளே பாசியும் செடிகளும் பிராணவாயு தயாரிப்பதை நிறுத்திவிடுகின்றன. அடியில் இலைதழைகள் அழுகி, இருப்பதையும் உறிஞ்சிக்கொள்கின்றன. ஆமை புதைந்து கிடக்கும் சேற்றில் சுத்தமாக ஒன்றும் இருக்காது. நம் மூளை ஐந்து நிமிடம் தாங்குவதே பெரிய விஷயம். வண்ண ஆமை 3 டிகிரி குளிரில் பிராணவாயுவே இல்லாத தண்ணீரில் ஏறத்தாழ நான்கு மாதம் உயிரோடு இருக்கும்.

இதைப் பல ஆண்டுகள் பொறுமையாக ஆராய்ந்தவர் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் ஜாக்சன். அவரும் அலபாமா பல்கலைக்கழகத்தின் கார்டன் அல்ட்ஷும் 1982இல் வெளியிட்ட ஆய்விலிருந்து இந்தக் கதை சூடு பிடிக்கிறது.

பிராணவாயு இல்லாவிட்டால் உடம்புக்கு ஒரே வழிதான் மிச்சம். கல்லீரலில் சேர்த்து வைத்த கிளைகோஜன் என்ற மாவுப்பொருளைக் குளுக்கோஸாக உடைத்து, அதை லாக்டிக் அமிலம் வரைக்கும் கொண்டுபோய், கிடைத்த சிறு ஆற்றலில் பிழைப்பது. ஓட்டப் பந்தயத்தில் நம் தசைகள் செய்வதும் இதேதான். ஒரு குளுக்கோஸிலிருந்து ஏறத்தாழ 30 ஏடிபி (செல்கள் செலவழிக்கும் ஆற்றல் நாணயம்) கிடைக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் கிடைக்கும். ஆகவே ஆமை செலவை வெட்டுகிறது. அதே குளிரில் பிராணவாயு இருக்கும்போது செய்யும் செலவில் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். இதயம் சில நிமிடங்களுக்கு ஒரு தடவைதான் துடிக்கும். மூளை செல்கள் பெரும்பாலும் வாய் மூடிவிடும்.

செலவை எவ்வளவு குறைத்தாலும் அமிலம் சேரத்தானே செய்யும்? சும்மா இருக்கும்போது நம் ரத்தத்தில் லாக்டேட், அதாவது லாக்டிக் அமிலம் ரத்தத்தில் கரைந்திருக்கும் வடிவம், லிட்டருக்கு 1 மில்லிமோல் அளவில் இருக்கும். உயிரைக் கொடுத்து ஓடி முடித்த வீரருக்கு 20ஐத் தொடலாம். மூன்று மாதம் மூச்சில்லாமல் கிடந்த ஆமையின் ரத்தத்தில் 150 முதல் 200 வரை. இவ்வளவு அமிலத்தை ரத்தத்தில் அமிலத்தை அடக்கும் பைகார்பனேட் மட்டும் சமாளிக்க முடியாது, அது சீக்கிரமே தீர்ந்துவிடும்.

இங்கேதான் அந்த மூன்றில் ஒரு பங்கு எடை வேலைக்கு வருகிறது.

உங்கள் மகனைக் கூப்பிட்டு ஒரு முட்டை ஓட்டின் மேல் எலுமிச்சைச் சாற்றை விடச் சொல்லுங்கள். பொடிப்பொடியாகக் குமிழி வரும். ஓட்டில் இருக்கும் கால்சியம் கார்பனேட், சாற்றின் அமிலத்தை அடக்குகிறது. அந்த வினையில் வெளியேறும் கரியமில வாயுதான் குமிழி. ஆமையின் ஓட்டிலும் எலும்புகளிலும் கார்பனேட் உண்டு. ரத்தத்தில் அமிலம் ஏற ஏற, ஓட்டிலிருந்து கால்சியம் கார்பனேட்டும் மக்னீசியம் கார்பனேட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்தில் கலந்து அந்த அமிலத்தை முறிக்கின்றன. வெளியாகும் கரியமில வாயு தோல் வழியாகத் தண்ணீருக்குப் போய்விடுகிறது. வயிறு எரிந்தால் நாம் மாத்திரை போட்டுக்கொள்கிறோம். ஆமை அந்த மாத்திரையை முதுகிலேயே வைத்திருக்கிறது.

இதோடு நின்றிருந்தாலே நான் பரவசப்பட்டிருப்பேன். ஆனால் ஜாக்சனும் அவருடைய குழுவினரும் இன்னொன்றையும் கண்டார்கள். நீண்ட நாள் மூச்சில்லாமல் கிடந்த ஆமையின் ஓட்டை எடுத்துச் சோதித்தால், அதற்குள்ளேயே லாக்டேட் குவிந்து கிடந்தது. அமிலம் ரத்தத்திலிருந்து ஓட்டுக்குள் நகர்ந்து, அங்கே கால்சியத்தோடு சேர்ந்து தங்கிவிடுகிறது. உடம்பில் சேரும் மொத்த லாக்டேட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவானது ஓட்டிலும் எலும்பிலும்தான் இருக்கிறது. நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பது மாதிரி, இந்த ஆமை அமிலத்தைத் தன் கூரையிலேயே கொட்டி வைக்கிறது. குதிர் நெல் வீணாகாது, இந்த அமிலமும் வீணாகாது. வசந்தத்தில் ஐஸ் உருகி முதல் மூச்சை இழுத்ததும் ஓட்டிலிருந்து லாக்டேட் மெதுவாக வெளியே வரும். கல்லீரல் அதில் பெரும்பகுதியை மறுபடி கிளைகோஜனாக மாற்றிக்கொள்ளும். கரைந்துபோன கால்சியமும் எலும்புக்குத் திரும்பும்.

ஓடு என்றால் கவசம் என்றுதான் எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். நரி கடிக்காமல் காப்பாற்றுவது உண்மைதான். ஆனால் வருடத்தில் மூன்று நான்கு மாதம் அது செய்கிற வேலை, நமக்கு நுரையீரலும் சிறுநீரகமும் சேர்ந்து ரத்தத்தின் அமிலத்தைக் கட்டுக்குள் வைக்கிற வேலைக்குப் பக்கத்தில் வருகிறது.

ஆமையைத் தண்ணீருக்கு அடியில் வைத்துப் பார்ப்பதற்கு அரசுப் பணமா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் செல்கள் சாவது பிராணவாயு போய்விடுவதால். அது திரும்பி வரும்போதும் சேதம் தொடர்கிறது. நான்கு மாதம் அதை இழந்துவிட்டு, திரும்பக் கிடைத்ததும் எழுந்து நடக்கிற ஒரு முதுகெலும்பி நம் கொல்லையில் இருக்கும்போது அதைப் படிக்காமல் வேறு எதைப் படிப்பது? 2013இல் வண்ண ஆமையின் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்தார்கள். இந்தத் திறமைக்காக முற்றிலும் புதிய மரபணுக்கள் எதுவும் அதில் இருப்பதாகத் தெரியவில்லை. முதுகெலும்பிகள் எல்லோரிடமும் இருக்கும் மரபணுக்களையேதான் ஆமை வேறு விதமாகப் பயன்படுத்துகிறது. உடனே மருந்து வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு, "இதனால் என்ன லாபம்?" என்று கேட்காமல் தொடர்ந்து பணம் வர வேண்டும். இந்தியாவிலும் வர வேண்டும்.

அந்தப் பழமொழி பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாமியார் பயப்படுவதில் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை. என் பாட்டியும் அதைச் சொல்லித்தான் வளர்த்தார். மழைக்காலத்தில் வழி தவறி வாசலுக்கு வரும் ஆமையை அடித்துத் துரத்துகிற பழக்கத்துக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்திருக்கிறது. இன்னொரு பக்கம், அதே ஆமையை அதிர்ஷ்டம் என்று விலை கொடுத்து வாங்குகிறார்கள். இரண்டு நம்பிக்கையாலும் அடிபடுவது ஆமைதான். ஊரில் இருக்கும் வாசகர்கள் தயவுசெய்து கவனியுங்கள்: நட்சத்திர ஆமை, பாலாமை போன்ற நம்மூர் ஆமைகளை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடைகளில் காசு அளவில் விற்கும் செங்காது ஆமை வெளிநாட்டு இனம். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும், இருபது முப்பது வருடம் வாழும். வளர்க்க முடியவில்லை என்று ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். அது நம்மூர் ஆமைகளின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்ளும்.

இனி மிச்சிகன் குளத்துக்கு. ஐஸைச் சுத்தியலால் உடைக்க வேண்டாம். மிதக்கும் குளச் சூடேற்றி ஒன்றைப் போட்டு ஒரு சின்னத் துவாரம் திறந்தே இருக்கும்படி பாருங்கள். கூடவே காற்றுக் குமிழி விடும் சிறிய பம்பு இருந்தால் இன்னும் நல்லது. நான்கு மாதம் தாங்கும் என்பதற்காகத் தாங்க வைக்க வேண்டியதில்லையே. ஆமையைத் தூக்கி வீட்டுச் சூட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அடுத்த வருடம் குளத்துத் தண்ணீர் 10 டிகிரிக்கு இறங்கும் முன்பே தீனியை நிறுத்திவிடுங்கள். குளிரில் செரிக்காது, குடலிலேயே அழுகும். மகன் ஆமையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். சால்மொனெல்லா கிருமிக்குப் பயந்துதான் 4 அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளை விற்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1975இலேயே தடை போட்டார்கள்.

அப்புறம் அந்த டார்ச். குளிரில் மூச்சில்லாமல் கிடக்கும் செங்காது ஆமைகளைச் சோதித்தவர்கள், அவை வெளிச்சம் பட்டால் அசைவதைக் கண்டிருக்கிறார்கள். மயங்கிக் கிடப்பதாகத் தெரிந்தாலும், ஐஸ் எப்போது உருகும் என்று ஒரு கண் வைத்துத்தான் கிடக்கின்றன. ஒரு ஜனவரியில் எங்கள் குளத்தில் பனியைப் பெருக்கிவிட்டு, தெளிவாக இருந்த ஐஸ் வழியாக நானும் டார்ச் அடித்தேன். சேற்றில் பாதி புதைந்திருந்த பெண் ஆமையின் பின்னங்கால் விரல்கள் விரிந்தன. மறுபடி மடங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. விளக்கை அணைத்துவிட்டேன். அதன் சேமிப்பிலிருந்து ஒரு துளி அதற்குச் செலவாகியிருக்கும்.

மார்ச் கடைசியில் ஒரு வெயில் நாளில் மரக்கட்டை மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். கழுத்தும் நான்கு கால்களும் முழுக்க வெளியே நீண்டிருக்கும், ஓட்டில் சேறு காய்ந்து வெடித்திருக்கும். தொண்டை ஏறி இறங்குவது தூரத்திலிருந்தே தெரியும். அன்றைக்குப் புழு கொடுக்காதீர்கள். தண்ணீர் 15 டிகிரியைத் தாண்டட்டும், அதுவரை வெயில் மட்டும் போதும்.