‘ணங்’ என்று ஒலித்த கம்பி

‘மகளின் பல்லுக்குப் போட்ட கம்பி, வெளியே டாக்டர் கையில் தொளதொளவென்று வளைகிறது. வாய்க்குள் போனதும் விறைத்துப் பல்லை இழுக்கிறது. எப்படி?’ என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

அது நிட்டினாலாக இருக்க வேண்டும். நிக்கலும் டைட்டானியமும் ஏறக்குறைய சரிபாதி கலந்த உலோகம்.

1959-ல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் ஒன்றில் வில்லியம் பியூலர் என்ற உலோகவியலாளர், ஏவுகணை முனைக்கு வெப்பம் தாங்கும் கலவை தேடிக்கொண்டிருந்தார். வார்த்து ஆறிப்போன கம்பியைத் தரையில் போட்டால் ‘டொக்’. சூடு ஆறாததைப் போட்டால் மணிபோல ‘ணங்’. வார்ப்பில் கோளாறு என்று ஒதுக்கியிருக்கலாம். அவரோ சூடான கம்பியைக் குடிநீர்க் குழாயில் நனைத்துப் போட்டார்: ‘டொக்’. கொதிநீரில் முக்கி எடுத்துப் போட்டார்: மறுபடி ‘ணங்’! சூட்டுக்கேற்ப உள்ளே அணுக்களின் அடுக்கே மாறுகிறது என்று புரிந்துவிட்டது. (கம்பியைப் போட்டுக் காது கொடுக்க நம் ஆய்வு நிதி விண்ணப்பத்தில் எந்தக் கட்டம் இருக்கிறது, சொல்லுங்கள்.)

1961-ல் விசிறிபோல மடித்த நிட்டினால் தகடு ஒன்று ஆய்வகக் கூட்டத்தில் கைமாறிக்கொண்டிருந்தது. டேவிட் மஸி என்ற அதிகாரி சும்மா இருக்காமல் தன் புகைக்குழாய் லைட்டரை அதனடியில் காட்டினார். தகடு நீண்டு நிமிர்ந்தது.

ஏன்? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கம்பியை மடக்கினால், அணுக்கள் எழுந்துபோய் வேறு ஆள் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். பழைய இடம் போனது போனதுதான். குளிர்ந்த நிட்டினாலில் ஒரு வரிசை இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமுமாகச் சாய்ந்திருக்கும். மடக்கும்போது எல்லாம் ஒரே பக்கம் சாயும், அவ்வளவே. பக்கத்து ஆள் அதே ஆள்தான். சூடேறினால் நிமிர்ந்து உட்கார்ந்தாக வேண்டும். சாய்வதற்குப் பல பக்கம் உண்டு. நிமிர்வதற்கு ஒரே வழிதான். அதனால் பழைய வடிவம் தானே வந்துவிடுகிறது. இதை ‘நினைவு உலோகம்’ என்பது எனக்குப் பிடிப்பதில்லை. அது எதையும் நினைக்கவில்லை, யாரும் இடம் மாறவில்லை!

எந்தச் சூட்டில் நிமிர வேண்டும் என்பதைக் கலவை தீர்மானிக்கிறது. நிக்கல் ஒரு சதவீதம் கூடினாலே அந்த வெப்பநிலை ஏறக்குறைய 100 டிகிரி இறங்கிவிடும். இந்தப் பல் கம்பியை வாயின் சூட்டுக்குக் கணக்காகச் செய்திருக்கிறார்கள்.

மகள் ஐஸ்கிரீம் சாப்பிட்டால் கம்பி கொஞ்ச நேரம் தளர்ந்து கொடுக்கும். இதை நான் சொன்னதாக டாக்டரிடம் சொல்லிவிடாதீர்கள்.