எதுகை கண்ணுக்கா, காதுக்கா?

ஏழாம் வகுப்பில் ஒரு செய்யுளைக் கொடுத்து, ‘எதுகைச் சொற்களை எடுத்து எழுதுக’ என்று சொல்லிப் பாருங்கள். எல்லாத் தலையும் குனியும். எதுகை என்றால் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதாயிற்றே, சொல் சொல்லாகப் போய் இரண்டாம் எழுத்தில் பென்சிலால் வட்டம் போடுவார்கள். விடையும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் கேள்வி பாட்டைப் பற்றியது, அதை உரக்கச் சொல்லிப் பார்க்க ஒரு பிள்ளைகூட வாயைத் திறக்கவில்லையே!

ஆறு முதல் எட்டு வரை தமிழ் எடுக்கும் ஆசிரியர்களுக்கும், வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான்: முதலில் காதுக்குக் கொடுங்கள், பெயரை அப்புறம் சொல்லலாம்.

கண்ணால் மட்டும் கற்ற எதுகை எங்கே மாட்டிக்கொள்ளும் தெரியுமா? கரும்பலகையில் ‘பட்டு, பாட்டு’ என்று எழுதி, எதுகையா என்று கேட்டால், “ஆமா மிஸ், ரெண்டுலயும் ட் இருக்கு” என்பார்கள். இல்லை. முதலெழுத்து அளவில் ஒத்திருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். நோட்டில் எழுதிவைத்த இலக்கணத்தில் இந்தப் பாதிதான் வழக்கமாகக் காணாமல் போயிருக்கும். விதியைச் சொல்லாமல் ‘பட்டு, பாட்டு, கட்டு, காட்டு’ என நாலையும் உரக்கச் சொல்லவிட்டுப் பாருங்கள். பட்டுக்குக் கட்டு, பாட்டுக்குக் காட்டு என்று அவர்களே ஜோடி சேர்த்துவிடுவார்கள். அதற்குப் பிறகு விதியைச் சொன்னால், தெரிந்த விஷயத்துக்குப் பெயர் வைக்கிற மாதிரி எளிதாகப் போய்விடும்.

செய்யுளுக்குப் போகும் முன் பழமொழிகளில் ஒரு வகுப்பு செலவிடலாம். ‘ஆடிப் பட்டம் தேடி விதை’, ‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’. பாட்டி வாயில் கேட்டவை என்பதால் பயம் இருக்காது. அடுத்து பாரதியின் பாப்பா பாட்டு. ‘ஓடி விளையாடு பாப்பா - நீ ஓய்ந்திருக்க லாகாது பாப்பா, கூடி விளையாடு பாப்பா - ஒரு குழந்தையை வையாதே பாப்பா’. ஓடி, கூடி எதுகை. ஓடி, ஓய்ந்திருக்க மோனை, அதாவது முதலெழுத்து ஒன்றுவது. அடிதோறும் முடிவில் வரும் பாப்பா இயைபு. மூன்றும் ஒரே இடத்தில்! ‘கூடி’யும் ‘குழந்தை’யும் மோனை என்றால் மட்டும் நம்ப மாட்டார்கள், எழுத்து வேறாயிற்றே. மோனையில் ‘கு’வும் ‘கூ’வும் ஓர் இனம் என்று அப்போது சொல்லலாம். கேள்வி அவர்களிடமிருந்து வந்தபின் சொல்வதுதான் நிற்கிறது.

குறளைத் தாளம் தட்டித்தான் நடத்த வேண்டும். ‘கற்க கசடறக் கற்பவை கற்றபின் / நிற்க அதற்குத் தக’. சீருக்கு, அதாவது அடியில் பிரித்துச் சொல்லும் ஒவ்வொரு துண்டுக்கும், ஒரு தட்டு. முதலடியில் நான்கு தட்டு, இரண்டாம் அடியில் மூன்று. முதலடியில் நான்கு சீரும் ககரத்தில் தொடங்குவதை யாராவது ஒரு வாலுப் பையன் முதலில் கண்டுபிடிப்பான். முற்றுமோனை என்று பெயரைக் கொடுத்துவிடுங்கள். ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டு திரிவான்.

எட்டாம் வகுப்பில் செய்யுள் கட்டும் முறையைச் சொல்லும் யாப்பிலக்கணம் வந்ததும் முகங்கள் வாடும். நேர், நிரை என்று அசைகள்; அவை சேர்ந்து ஆகும் சீர்களுக்குத் தேமா, புளிமா என்று பெயர்கள். இங்கே எனக்குக் கைகொடுப்பது வருகைப் பதிவேடு. செல்வம்: செல்/வம், தேமா. முருகன்: முரு/கன், புளிமா. சரவணன்: சர/வணன், கருவிளம். பார்வதி: பார்/வதி, கூவிளம். ‘வேல்முருகன் எதுல வருவான் மிஸ்?’ வேல்/முரு/கன். மூன்று அசை, கூவிளங்காய். அன்று முழுக்க அவனுக்கு அதுதான் பட்டப்பெயர். தளையை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறையை, இந்த வயதில் அறிமுகம் செய்தால் போதும். வெண்பா எழுதவைத்தே தீருவேன் என்று நிற்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எழுதவிட வேண்டும், ஆனால் வேறு வடிவத்தில். ‘மழையைப் பற்றிக் கவிதை எழுது’ என்றால் ‘மழையே மழையே வா வா’தான் வரும், இல்லையென்றால் அம்மாவுக்கு எதுகையாகச் சும்மாவைப் போட்டு முடிப்பார்கள். ஹைக்கூ என்ற ஜப்பானியக் குறுங்கவிதை வடிவத்தைக் கொடுங்கள். 1916-லேயே பாரதி சுதேசமித்திரன் பத்திரிகையில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதிவிட்டார், நமக்குப் புதிதல்ல. ஜப்பானில் ஐந்து, ஏழு, ஐந்து என்று அசைக் கணக்கு உண்டு. தமிழில் மூன்று வரி என்பதை மட்டும் பிடித்துக்கொண்டோம். நான் கூடுதலாக ஒரு நிபந்தனை போடுவேன்: மழை என்ற சொல் வரக் கூடாது. ஒரு மாணவி எழுதியது:

மாடியில் காயும் துணி
ஓடி எடுத்தாள் அம்மா
நனைந்தது நான்தான்

வாசித்துக் காட்டியதும் பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “மிஸ், மாடி, ஓடி. எதுகை வந்திருச்சு!” எழுதியவளுக்கே அது தெரியாது.

‘இதெல்லாம் சரி, பரீட்சை?’ என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். ‘அடிமாறாமல் எழுதுக’ இருக்கத்தான் செய்கிறது. அதற்கும் பத்து முறை எழுதிப் பார்க்கச் சொல்வதைவிட, சீர் பிரித்து உரக்கச் சொல்லவிடுங்கள். ஒரு சீர் விடுபட்டால் தாளம் தட்டும் கை அங்கேயே நின்றுவிடும். தவறு பிள்ளைக்கே தெரியும். வட்டம் போட்டு இரண்டு மதிப்பெண் வாங்கும் வித்தையைத் தேர்வுக்கு முந்தின வாரம் சொல்லிக்கொடுத்தாலும் பிடித்துக்கொள்வார்கள்.