நடந்து வந்தவரின் உடைந்த முதுகெலும்பு

பாளையங்கோட்டையில் எலும்பு மருத்துவம் பார்க்கும் எனக்கு, முதுகெலும்பு முறிவு என்றதும் பனைமரம்தான் நினைவுக்கு வரும். பதநீர் இறக்கும் மாதங்களில் திசையன்விளை, இராதாபுரம் பக்கமிருந்து மரத்திலிருந்து விழுந்தவர்களைக் கொண்டுவருவார்கள். கிளைடர் விபத்து என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தது ஒரே ஒரு முறைதான். நாங்குநேரிப் பக்கத்து இளைஞர். அம்மாவுடன் வந்து என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்திருக்கவே கூடாது என்பது எக்ஸ்ரே வந்த பிறகுதான் தெரிந்தது.

கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத சிறிய விமானம். வெயிலில் சூடாகி மேலெழும் காற்றைப் பிடித்து உயர வேண்டும். காற்று கைவிட்டால், ஓடுதளத்துக்குத் திரும்ப முடியாமல் ஏதாவது ஒரு வயலில் இறக்குவார்கள். அந்த விளையாட்டில் இது வழக்கம்தான், பயிற்சியிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். 2,000 அடிக்கு வந்ததும் இறங்கத் தோதான பகுதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், 1,500 அடியில் வயலை முடிவு செய்ய வேண்டும், 1,000 அடிக்கு வந்துவிட்டால் இறங்குவதைத் தவிர வேறு எண்ணம் கூடாது என்று தனக்குக் கற்பித்ததை அவரே சொன்னார். ஆனால் மகாராஷ்டிரத்தில் அன்று பறந்தபோது, இன்னும் ஒரு காற்று கிடைக்கும் என்று 600 அடி வரை தேடியிருக்கிறார். மிஞ்சிய நேரத்தில் கண்ணில் பட்டது உழுத வயல். வேலியைத் தாண்டுவதற்காகக் கிளைடரின் மூக்கைத் தூக்கினார். வேகம் குறைந்து, கடைசிப் பத்து அடி உயரத்திலிருந்து கிளைடர் அப்படியே வரப்பின் மேல் விழுந்தது.

கிளைடரில் விமானி காலை நீட்டிச் சாய்ந்திருப்பார். அவருக்கும் தரைக்கும் நடுவே சில அங்குலம்தான். அடி நேராக முதுகெலும்பில் ஏறும். விலா எலும்புகள் இறுகப் பிடித்திருக்கும் மேல்முதுகும், வளைந்துகொடுக்கும் கீழ்முதுகும் சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் முறிவு ஏற்படும். தண்டுவடம் முடிவதும் ஏறக்குறைய அங்கேதான். சொகுசுக்காக அவர் அடியில் ஒரு பஞ்சு மெத்தையும் போட்டிருந்தார். மெத்தை காப்பாற்றும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் இருக்கை தரையில் மோதி நின்ற பிறகும், மெத்தை அமுங்கும் அந்த நொடியில் உடம்பு விழுந்துகொண்டே இருக்கிறது. அடி இன்னும் பலமாகிறது. பஸ்ஸின் கடைசி இருக்கையில் இருந்த வயதான பெண்கள், வேகத்தடையில் தூக்கிப்போட்டதில் இதே எலும்பு நசுங்கி என்னிடம் வந்திருக்கிறார்கள்.

விழுந்ததற்குப் பிறகு நடந்தவைதான் என்னை அதிகம் வருத்துகின்றன. அவரே மூடியைத் திறந்து வெளியே வந்தார். ஓடி வந்தவர்கள் தண்ணீர் கொடுத்து, மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவே உட்காரவைத்து, மண்பாதையில் கொண்டுபோனார்கள். அத்தனையும் அன்பினால் செய்தது. இரண்டு நாள் கழித்து ரயிலில் ஊருக்கு வந்தார். அதற்குள் சிறுநீர் சரியாகப் பிரியவில்லை; வெட்கப்பட்டு அதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

"நடந்துதானே டாக்டர் வந்தான்? பிறகு எப்படி உடைந்திருக்கும்?" என்று அவருடைய அம்மா கேட்டார்.

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. எலும்பு உடைந்திருந்தாலும், தண்டுவடமும் நரம்புகளும் நசுங்காத வரை கால் நடக்கும். உடைந்த சில்லு உட்காரும்போதும் குனியும்போதும் குலுங்கும்போதும் உள்ளே நகரலாம். அவருக்கு முதல் இடுப்பு முள்ளெலும்பு பாதி உயரத்துக்கு நொறுங்கியிருந்தது. அறுவை சிகிச்சை செய்தோம். நடை தப்பியது; ஆனால் சிறுநீர்ப் பை பழைய நிலைக்கு வரப் பல மாதங்கள் ஆயின.

உயரத்திலிருந்து விழுந்தவர் வலியில்லை என்று சொன்னாலும் எழுப்பாதீர்கள். தீயோ, மூச்சுத் திணறலோ இருந்தாலொழிய விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும். ஒருவர் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள், 108-ஐ அழையுங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம். கால் மரத்துப்போனதா, சிறுநீர் போனதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பனையிலிருந்து காலூன்றி விழுந்து குதிகால் உடைந்தவருக்கு முதுகையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். குதிகால் வலி பெரிதாக இருப்பதால் முதுகு முறிவு மறைந்துபோன ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

சென்ற பருவத்தில் திசையன்விளைப் பக்கத்திலிருந்து ஒரு பனையேறியைக் கொண்டுவந்தார்கள். ஐம்பது வயது தாண்டியவர். அவர் எழுந்திருக்க முயன்றபோது, பக்கத்துத் தோட்டத்துப் பையன், "அண்ணாச்சி, அசையாதீர்கள்" என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டானாம். ஆம்புலன்ஸ் வரும்வரை இரண்டு பெண்கள் வெயில் படாமல் சேலையை விரித்துப் பிடித்திருக்கிறார்கள். அவருக்கும் அதே எலும்புதான் முறிந்திருந்தது. நரம்பில் ஒரு கீறலும் இல்லை.