முதல் துளை எங்கே போடுவது?

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு வருபவர்கள் எத்தனை கிலோ குறையும், தழும்பு தெரியுமா, எப்போது வேலைக்குப் போகலாம் என்றெல்லாம் கேட்பார்கள். முதல் துளையை எங்கே போடுவீர்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமரா வழியே பார்த்துச் செய்யும் லேப்ராஸ்கோபியில் பெரிய ரத்தக்குழாய்க்கோ குடலுக்கோ ஏற்படும் காயங்களில் கணிசமான பங்கு அந்த முதல் துளையின்போதே, இரைப்பையைத் தொடும் முன்பே நேர்ந்துவிடுகிறது. மற்ற துளைகளை உள்ளே போன கேமராவில் பார்த்துக்கொண்டே போடுகிறோம். முதல் துளைக்கு அந்த வசதி இல்லை.

வழக்கமாகத் தொப்புள் பக்கமாகத்தான் நுழைவோம், அங்கே வயிற்றுச் சுவர் மெலிது. ஆனால் உடல் பருமன் அதிகமானவர்களுக்குத் தொப்புள் கீழே இறங்கியிருக்கும்; அதை அடையாளமாக வைத்துப் பெருநாடி பிரியும் இடத்தைக் கணிக்க முடியாது. கொழுப்பு தடித்திருக்கிறதே, பெருநாடி தூரத்தில்தானே இருக்கும் என்று நினைப்பதும் ஆபத்து. தடித்த சுவரை அழுத்தித் தள்ளும்போது, தடை விலகியதும் துளை போடும் கூர்முனைக் குழாயான ட்ரோகார் சட்டென்று உள்ளே பாயும்.

அதனால் என் தேர்வு பெரும்பாலும் இடது மேல் வயிறுதான். காறை எலும்பின் நடுவிலிருந்து நேர் கீழே, விலா விளிம்புக்கு 3 செ.மீ. அடியில் இருக்கும் இடத்தைப் பாமர் புள்ளி என்போம். விலா எலும்பு தாங்குவதால் அங்கே சுவர் அதிகம் அமுங்காது. பழைய அறுவையால் குடல் வயிற்றுச் சுவரோடு ஒட்டிக்கொள்வதும் அங்கே குறைவு. ஆனால் முதலில் குழாய் போட்டு இரைப்பையைக் காலி செய்தாக வேண்டும். மண்ணீரல் வீங்கியிருந்தாலோ, அந்தப் பக்கம் ஏற்கெனவே அறுவை நடந்திருந்தாலோ வேறு இடம்தான்.

வயிற்றை உப்பவைக்க வாயு செலுத்தும் வெரஸ் ஊசி, வயிற்றுச் சுவரின் படலத்தைத் தாண்டும்போது விரலில் ஒரு 'டிக்' தெரியும். அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. கார்பன் டை ஆக்சைடை இணைத்ததும் தொடக்க அழுத்தம் 10 மி.மீ. பாதரச அளவுக்குள் இருந்தால் நல்ல அறிகுறி. பருமனானவர்களுக்கு வயிற்றின் அழுத்தமே கூடுதல் என்பதால் சற்று அதிகமாகவும் காட்டலாம். வாயு உள்ளே போகாமல் அழுத்தம் மட்டும் எகிறினால் ஊசியை வெளியே எடுத்துவிட வேண்டும். உள்ளேயே ஆட்டிப் பார்ப்பது கூடவே கூடாது, சின்னத் துளை கிழிசலாகிவிடும்.

முனை கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் ஆப்டிகல் ட்ரோகாருக்குள் கேமராவை வைத்தும் நுழையலாம். மஞ்சள் கொழுப்பு, வெள்ளைப் படலம், சிவப்புத் தசை, மறுபடி வெள்ளை என்று அடுக்குகள் திரையில் விலகுவதைப் பார்த்தபடியே போகலாம். எந்த முறை சிறந்தது என்று ஆய்வுகள் முடிவாகச் சொல்லவில்லை. கை பழகிய முறை ஒன்று, அது சரிவராவிட்டால் மாறிக்கொள்ள இன்னொன்று, இரண்டும் மேசையில் தயாராக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, நோயாளியின் பக்கம் என்ன இருக்கிறது? எப்போதோ செய்த சிசேரியன், குடலிறக்கத்துக்கு வைத்த வலை, எதையும் விடாமல் சொல்லுங்கள். அறுவைக்கு முன் சொல்லப்படும் குறைந்த கலோரி உணவைத் தட்டிக்கழிக்காதீர்கள். இரைப்பையை மறைக்கும் கொழுப்புக் கல்லீரல் அதனால்தான் சுருங்குகிறது. அப்புறம், குடலில் பட்ட காயம் அன்றே தெரியாமல் போகலாம். வீடு திரும்பியபின் வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, படுத்திருக்கும்போதே நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.