காலிபர்: கட்டைக்காலிலிருந்து துப்பாக்கிக் குழல் வரை

போன மாதம் ஒரு மொழிபெயர்ப்பு வேலை வந்தது. அமெரிக்காவில் கைத்துப்பாக்கி வைத்து மான், காட்டுப்பன்றி வேட்டையாடுகிறவர்களுக்கான சின்னக் கையேடு. (ஆமாம், அங்கே அது உரிமம் வாங்கி, பருவம் பார்த்து, மாநிலத்துக்கு மாநிலம் விதி பார்த்துச் சட்டப்படி நடக்கிற காரியம்.) இரண்டாம் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். வேட்டையாடும் விலங்குக்கு ஏற்ற காலிபரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஒரு வரி. அகராதியில் காலிபருக்குக் 'குழல் விட்டம்' என்று இருந்தது. சரி என்று "விலங்குக்கு ஏற்ற குழல் விட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்" என்று எழுதி வாசித்துப் பார்த்தால் பிளம்பருக்குச் சொன்ன மாதிரி இருக்கிறது. அகராதிப்படி தப்பில்லை, ஆனால் எழுதியவர் சொல்லவந்தது விட்டத்தை மட்டும் இல்லை என்று உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த உறுத்தலைப் பிடித்துக்கொண்டு போனதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம், கதை நன்றாகவே இருக்கிறது. ஆங்கிலத்துக்கு இது 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கு முன்னால் இத்தாலி, அதற்கும் முன்னால் அரபு மொழியின் 'காலிப்' என்ற சொல். காலிப் என்றால் அச்சு, வார்ப்பு அச்சு. அரபிக்கு இது கிரேக்கத்திலிருந்து போனதாகப் பெரும்பாலான அகராதிகள் சொல்கின்றன. செருப்புத் தைப்பவர் தோலை இழுத்துப் பொருத்திப் பார்க்கக் கால் வடிவில் ஒரு மரக்கட்டை வைத்திருப்பார் இல்லையா, அதற்குக் கிரேக்கத்தில் பெயர் 'கலோபூஸ்'. கலோன் என்றால் கட்டை, பூஸ் என்றால் கால். அப்படியே தமிழில் சொன்னால் கட்டைக்கால். இதைப் பார்த்ததும் 'கால்' நம்ம சொல்தான், 'காலளவு'தான் காலிபர் ஆயிற்று என்று யாராவது கிளம்புவார்கள். வேண்டாம், அந்தச் சொல்லில் 'கால்' போல ஒலிக்கிற பகுதிக்குப் பொருள் கட்டை, காலுக்கு உரிய பகுதி பின்னால் இருக்கிற பூஸ்.

லத்தீனில் 'குவா லிப்ரா', அதாவது 'எத்தனை பவுண்டு', என்பதிலிருந்து வந்தது என்று இன்னொரு விளக்கமும் உண்டு. எனக்கு அச்சுக் கதைதான் பொருந்துகிறது. அந்தக் காலத் துப்பாக்கிகளில் ஒன்றின் குழலும் இன்னொன்றின் குழலும் ஒரே அளவில் இருக்காது. ஈயத்தை உருக்கிக் குண்டு வார்க்க ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு, பக்கத்து ஆளின் குண்டு நம் குழலில் இறங்காது. ஒரு படைக்கே ஒரே அச்சு என்று கொண்டுவந்தபோதுதான் இந்தச் சொல்லுக்கு மவுசு வந்தது. அப்படி ஒரே அளவில் செய்த ஒரு துப்பாக்கி வகைக்கு ஆங்கிலத்தில் 'காலிவர்' என்றே பெயர். ஆக, பிறந்தபோது இந்தச் சொல்லுக்குள் இருந்தது குண்டும் குழலும் ஒன்றுக்கொன்று பொருந்துகிற பொருத்தம். வெறும் விட்டமாகச் சுருங்கியது அப்புறம். பள்ளி ஆய்வகத்தில் வைத்து அளந்தோமே வெர்னியர் காலிபர், அதுவும் இதே சொல்லின் இன்னொரு பிள்ளைதான். இலங்கைப் பாடநூல்களில் அதற்கு இடுக்கிமானி என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் துப்பாக்கி விஷயத்தில் காலிபரைவிட அதிகம் புழங்குவது 'போர்'. பன்னெண்டு போர் என்று சொல்லாத பழைய உரிமத் துப்பாக்கிக்காரர் கிடையாது. அரசாங்கமும் தடை செய்யப்பட்ட போர், தடை செய்யப்படாத போர் என்றுதான் பிரிக்கிறது, 9 மி.மீ. முதல் வகையில் வருகிறது. இந்தப் போருக்கும் சண்டைக்கும் சம்பந்தமில்லை, இது போர்வெல்லில் வருகிற போர், அதாவது துளை. பன்னெண்டு போர் என்றால் ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாக இறங்குமோ அந்தக் குழல், சுமார் 18.5 மி.மீ. அதனால்தான் எண் கூடக் கூடத் துளை சின்னதாகிறது. அது ஒரு தனிக் கணக்கு, காலிபரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் போர்வெல் உதாரணத்தை விட மனசில்லை, ஏனென்றால் காலிபர் பற்றிய குழப்பம் முழுக்க அதற்குள் இருக்கிறது. ஆறரை இன்ச் போர் போட்டிருக்கிறோம் என்கிறார்கள். அதைக் கேட்டுத் தண்ணீர் எவ்வளவு வரும் என்று சொல்ல முடியுமா? எத்தனை அடி ஆழம், ஊற்று எப்படி, மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்போம். ஆறரை இன்ச் என்பது துளையின் அளவு, அவ்வளவுதான். காலிபரும் அப்படியே. ஆனால் செய்திகளிலும் வசன வரிகளிலும் "அதிக காலிபர் கொண்ட, சக்தி வாய்ந்த" என்று எழுதி எழுதி, காலிபர் என்றாலே பலம் என்று ஆகிவிட்டது. போதாக்குறைக்கு '38 மி.மீ. கைத்துப்பாக்கி' என்று வேறு எழுதுகிறார்கள். .38 என்பதில் முன்னால் இருக்கிற புள்ளிதான் உயிர்: அது 0.38 அங்குலம், சுமாராக ஒன்பதரை மி.மீ. 38 மி.மீ. வாய் என்றால் கண்ணீர்ப்புகைக் குண்டு போடலாம்.

அந்த 0.38 அங்குலமாவது உண்மையா என்றால் அதுவும் இல்லை! இண்டியானாவில் இருக்கிற என் மச்சினனிடம் இந்தச் சந்தேகத்தைச் சொல்லியிருந்தேன். அவன் பக்கத்து வீட்டுக்காரர் ஒவ்வோர் ஆண்டும் மான் வேட்டைக்குப் போகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பட்டறை மேசையில் உட்கார்ந்து, ஒரு .38 ஸ்பெஷல் தோட்டாவை டிஜிட்டல் காலிபரில் பிடித்துப் படம் எடுத்து அனுப்பினான். வெடிமருந்து அடைத்த பித்தளைக் கூட்டின் வெளிப்புறம் 0.379 அங்குலம். மேலே செருகியிருக்கும் ஈயக் குண்டின் இடுப்பு 0.357. கீழே குரல் செய்தி: "மாமா, முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கு, முப்பத்தஞ்சே முக்கால்தான் வருது, கம்பெனிக்காரன் ஏமாத்துறானா?"

ஏமாற்று இல்லை, சோம்பல். 19ஆம் நூற்றாண்டில் அந்த வகைக் குண்டுகள் கூட்டின் வெளிப்புறத்துக்குச் சமமான தடிமனில் இருந்தன, அடிப்பகுதியை மட்டும் சின்னதாக்கிக் கூட்டுக்குள் செருகுவார்கள். பிறகு குண்டு முழுக்கக் கூட்டுக்குள் இறங்குகிற மாதிரி மெலிந்தது, பெயர் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது. .44 மேக்னம் என்கிற இன்னொரு தோட்டாவும் இந்தக் கதைதான், அதன் குண்டு 0.429 அங்குலம். 9 மி.மீ. குண்டு 0.355 அங்குலம். ஆக 9 மி.மீ., .38, .357 என்று மூன்று பெயரில் ஓடுவது ஏறக்குறைய ஒரே தடிமன். ரைஃபிள் பக்கம் போனால் இன்னொரு கூத்து. குழலுக்குள் திருகுபுரி மாதிரி மேடும் பள்ளமும் வெட்டியிருப்பதால், மேட்டுக்கு மேடு அளந்தால் ஒரு விட்டம், பள்ளத்துக்குப் பள்ளம் அளந்தால் இன்னொன்று; .30 காலிபர் என்கிற துப்பாக்கியில் போகும் குண்டு 0.308.

இப்போது வேட்டைக்கு வருவோம், என் வரி மாட்டிய இடம் அதுதான். .38 ஸ்பெஷல் 1898இல் வந்தது. .357 மேக்னம் 1935இல் துப்பாக்கிக் கம்பெனி ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் தோட்டாக் கம்பெனி வின்செஸ்டரும் சேர்ந்து கொண்டுவந்தது. இரண்டிலும் ஒரே தடிமன் குண்டு. .357இன் கூடு மட்டும் மூன்றரை மி.மீ. போல நீளம் அதிகம். பழைய .38 துப்பாக்கியில் தெரியாமல் போட்டு வெடித்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த நீளம். இரண்டிலும் ஒரே எடையில் 158 கிரெய்ன் குண்டை வைத்துச் சுட்டால், .38 கிளப்பும் ஆற்றல் சுமார் 200 அடி-பவுண்டு (ஆற்றலுக்கான ஆங்கில அளவு), .357 கிளப்புவது 500ஐத் தாண்டும். துளை ஒன்றுதான், பலம் இரண்டரை மடங்கு. முதலாவதை வைத்து மானைச் சுட்டால் அது காயத்தோடு காட்டுக்குள் ஓடி எங்கோ கிடந்து சாகும். இரண்டாவதை வைத்துத்தான் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் குடும்பத்து டக்ளஸ் வெஸ்ஸன் 1930களில் எல்க் என்கிற பெரிய மான் வரை வேட்டையாடிக் காட்டி விளம்பரம் தேடினார். அவர் செய்தாரே என்று இன்று யாரும் எல்க்குக்கு .357 எடுத்துப் போவதில்லை, வெள்ளைவால் மானுக்கே, அதுவும் 50 கஜத்துக்குள் வந்தால்தான் அதைச் சொல்வார்கள். அதற்கு மேலே .44 மேக்னம். இடாஹோவில் எல்மர் கீத் என்கிற மாட்டுப்பண்ணைக்காரர் பழைய .44 ஸ்பெஷல் தோட்டாவில் மருந்தைக் கூட்டிக் கூட்டிச் சுட்டுப் பார்த்துப் பல ஆண்டு நச்சரித்ததன் விளைவாக 1955 கடைசியில் வந்தது. மான், காட்டுப்பன்றி, கருங்கரடி எல்லாவற்றுக்கும் இதுவே போதும் என்பவர்கள் நிறைய. அதன் வழக்கமான குண்டு 240 கிரெய்ன். கிரெய்ன் நம் தட்டாரின் நெல்லெடை மாதிரி தானியத்தில் பிறந்த அளவு, 240 கிரெய்ன் என்றால் ஏறத்தாழ இரண்டு பவுன் எடை. அதற்கும் மேலே .454 கசுல், 2003இல் வந்த .500 மேக்னம் எல்லாம் பெரிய கரடி இருக்கிற ஊர்க்காரர்களுக்கு. மற்றவர்கள் அதை வாங்குவது, உதைக்கிற உதையில் கண்ணை மூடிக்கொண்டு சுட்டுக் குறி தவறுவதற்குத்தான் என்பது என் அபிப்பிராயம்.

.500 மேக்னத்தின் குழலும் அரை அங்குலம், இலங்கையில் எல்லோருக்கும் தெரிந்த 'ஐம்பது கலிபர்' கனரகத் துப்பாக்கியின் குழலும் அரை அங்குலம். இரண்டாவதன் ஆற்றல் முதலாவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

சட்டம் எழுதுகிறவர்களுக்கும் இந்தச் சிக்கல் தெரியும். இண்டியானாவின் மான் வேட்டை விதிகளில் நெடுநாளாக இருந்த ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடித்தது. கைத்துப்பாக்கிக் குழல் 4 அங்குலமாவது இருக்க வேண்டும், குண்டு 0.243 அங்குலமாவது இருக்க வேண்டும், குண்டு இல்லாமல் வெறும் கூடு 1.16 அங்குல நீளமாவது இருக்க வேண்டும். அதென்ன 1.16? .38 ஸ்பெஷலின் கூடு 1.155. ஒரு தாளின் கனம் அளவுக்குக் குறைகிறது, வெளியே நில். .357இன் கூடு 1.29, உள்ளே வா. விட்டத்தை வைத்து இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது என்பதால் நீளத்தைப் பிடித்திருக்கிறார்கள். ஐரோப்பியர்கள் பெயரிலேயே இதைச் சொல்லிவிடுகிறார்கள், 9×19 என்றால் 9 மி.மீ. குண்டு, 19 மி.மீ. கூடு.

ஆக, வேட்டைக்காரர் வாயில் காலிபர் என்று வரும்போது அவர் விட்டத்தைச் சொல்வதில்லை. குண்டின் தடிமன், கூட்டின் நீளம், மருந்தின் அளவு எல்லாம் சேர்ந்த ஒரு குறிப்பிட்ட தோட்டா வகையைச் சொல்கிறார். தமிழில் இதற்கு ஒரே சொல்லைத் தேடினால் இடிக்கும். துப்பாக்கியின் உறுப்பாகப் பேசும் இடத்தில் குழல்விட்டம் என்றே எழுதலாம், 'துளைவிட்டம்' என்பதும் தப்பில்லை, எனக்குக் குழல் பிடித்திருக்கிறது. எதைப் போட்டுச் சுடுவது என்று பேசும் இடத்தில் தோட்டா வகை, அல்லது வெறுமனே தோட்டா. பீரங்கிச் செய்தியில் '155 மி.மீ./45 காலிபர் தனுஷ்' என்று (தனுஷ் இந்தியப் பீரங்கி) வந்தால் அது மூன்றாவது பொருள்: குழலின் நீளம் அதன் விட்டத்தைப் போல 45 மடங்கு, ஏறத்தாழ 7 மீட்டர். அங்கே 'விட்டம்' என்று போட்டுவிட்டால் முழுக் குழப்பம், '45 மடங்கு நீளக் குழல்' என்று விரித்துத்தான் எழுத வேண்டும். 'நல்ல காலிபர் உள்ள ஆள்' என்பதற்குத் தரம் என்ற சொல் நம்மிடம் எப்போதும் இருக்கிறது.

துப்பாக்கியே துருக்கிச் சொல், தோட்டா இந்துஸ்தானி வழி வந்தது, இதில் காலிபரை மட்டும் ஏன் விரட்ட வேண்டும் என்று கேட்கலாம். நான் விரட்டவில்லை, .44 காலிபர் என்று பேச்சில் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். பொருள் மாறுகிற இடத்தில் மட்டும் சொல்லை மாற்றுகிறேன்.

கையேட்டின் அந்த வரியைக் கடைசியில் இப்படி அனுப்பினேன்: "எந்த விலங்கு என்று முடிவு செய்த பிறகு அதற்கு ஏற்ற தோட்டாவைத் தேர்ந்தெடுங்கள், அந்தத் தோட்டாவைச் சுடும் கைத்துப்பாக்கிகளில் உங்களால் குறி தவறாமல் சுட முடிகிற ஒன்றை அப்புறம் பாருங்கள்." மூலத்தைவிட நீண்டுவிட்டது என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.