பிரெஸ்டீஜ்: கண்கட்டில் பிறந்த சொல்

பிரெஸ்டீஜ் என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு குக்கர் ஞாபகம் வரும். மீதிப் பேருக்கு, 'இது என் பிரெஸ்டீஜ் பிரச்சினை' என்று கல்யாண வீட்டில் கிளம்பிய சம்பந்திச் சண்டை. சொல்லின் பூர்வீகம் இரண்டும் இல்லை, தெருவித்தை.

லத்தீனில் 'ப்ரேஸ்டிகியே' என்றால் வித்தைக்காரனின் ஏமாற்று வேலை. ரோமானிய வித்தைக்காரன் சின்னக் கிண்ணங்களைக் கவிழ்த்து, கூழாங்கல்லை ஒளித்து விளையாட்டுக் காட்டுவான். நம் ஊர் மோடி மஸ்தானுக்கு ஒன்றுவிட்ட பாட்டன். சொல்லின் வேர் 'இறுகக் கட்டு' என்ற வினை. கண்ணைக் கூசவைத்து மறைப்பதற்கும் அதையே சொன்னார்கள். நம் 'கண்கட்டு வித்தை'யும் அச்சு அசல் அதுதானே! 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அதற்கு மாயம், மோசடி என்றுதான் பொருள். 19ஆம் நூற்றாண்டில், நெப்போலியனின் பெயர் கூட்டத்தை மயக்கியதைப் பற்றிப் பேசப்போய், கெட்ட வாடை கழன்று 'மதிப்பு' ஆனது.

முழுசாகக் கழன்றதா? ஆடம்பரக் கைக்கடிகாரங்களை பிரெஸ்டீஜ் வரிசையில் அடுக்கும் கருத்துக்கணிப்புகளைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான். 'இந்த பிராண்டுக்குப் பத்துக்கு எத்தனை?' என்பது கேள்வி. சுவிஸ் ஆடம்பரக் கடிகாரமான பதேக் பிலிப்பைக் கட்டிப் பழகியவரும் மார்க் போடுகிறார், கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவரும் போடுகிறார். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் வருவது எதன் அளவு? ஜெர்மனியின் கிளாஷூட்டேயில் உருவாகும் லாங்கே கடிகாரத்தைக் கடிகாரப் பிரியர்கள் கொண்டாடுகிறார்கள். வெளியே பலர் பெயரே கேட்டதில்லை. ரோலக்ஸைத் தெரியாதவர் உண்டா?

அந்தப் பரிச்சயம் வந்த வழியையும் பாருங்கள். 1927 அக்டோபரில் பிரிட்டிஷ் நீச்சல் வீராங்கனை மெர்சிடீஸ் கிளைட்ஸே ரோலக்ஸ் ஒன்றைக் கழுத்தில் தொங்கவிட்டு ஆங்கிலக் கால்வாயில் இறங்கினார். அதே மாதம் ஏற்கெனவே ஒரு முறை நீந்திக் கடந்தவர்தான்; ஆனால் கடிகாரத்தோடு போன அந்த முறை குளிர் தாங்காமல் பாதியில் படகேற வேண்டியதாயிற்று. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதமே லண்டன் நாளிதழின் முதல் பக்கம் முழுக்க ரோலக்ஸ் விளம்பரம். கல் எந்தக் கிண்ணத்தில்?

கடிகாரத்தை அளக்கவே முடியாது என்பதில்லை. வானாய்வகங்கள் நடத்திய துல்லியப் போட்டிகளில் நாள்கணக்கில் ஓடவிட்டு, நொடிப் பிசகை எண்ணினார்கள். 1968இல் ஜெனீவாவில் இயந்திரக் கைக்கடிகாரங்களில் முன்னணி இடங்களைப் பிடித்தது ஜப்பானின் சைக்கோ. பிரெஸ்டீஜ் பட்டியலில் இதற்கு எத்தனை மார்க்?

சரி, தமிழில் என்ன சொல்வது? அகராதி மதிப்பு, கௌரவம், செல்வாக்கு என்று தரும். 'மதிப்பு' விலையையும் குறிப்பதால் கடிகாரத்தில் குழப்பும். 'கௌரவம்' வடசொல்; அடிப்பொருள் கனம். தங்கக் கடிகாரத்துக்குப் பொருத்தம்தான், போங்கள். எனக்குப் பிடித்தது 'அந்தஸ்து'. தெலுங்கிலும் கன்னடத்திலும் அதற்கு மாடி என்றும் பொருள் உண்டு. தரவரிசை அடுக்குபவர்கள் மனதில் இருப்பதும் மாடிதான். ஆனால் அந்தக் கணிப்புகள் உண்மையில் கேட்டு வாங்குவதைச் சொல்ல கடைத்தெருச் சொல் ஒன்று போதும்: மவுசு. 'ரோலக்ஸுக்குத்தான் மவுசு அதிகம்' என்று எழுதினால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.