‘ஏதாவது ஒரு காதல் கதை’ என்று யாருக்கும் எடுத்துக் கொடுக்காதீர்கள்

சென்ற மாதம் ஒரு பெண் எங்கள் கிளை நூலகத்துக்கு ஒரு நாவலைத் திருப்பிக் கொடுக்க வந்தார். மேசையில் வைத்த பிறகும் அவர் நகரவில்லை. புத்தகத்தின் நடுவில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது. அதற்கு மேல் அவர் படிக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா தன் உறுப்பினர் அட்டையில் எடுத்துக் கொடுத்த புத்தகம் அது. “மனசு சரியில்லை என்கிறாயே, இதைப் படி, எல்லாம் மறந்துபோகும்” என்று சொல்லிக் கொடுத்தாராம்.

அந்த நாவலை நான் படித்திருக்கிறேன். நாயகன் மிரட்டித் தாலி கட்டுகிறான். அறைகிறான். அறையில் வைத்துப் பூட்டுகிறான். முக்கால் பங்கு கதை முடிந்த பிறகு, தன் சிறுவயதுத் துயரத்தைச் சொல்லி அழுகிறான். அவள் மன்னித்துவிடுகிறாள். இதைப் படித்த பெண்ணோ கணவனிடம் அடி வாங்கித் தாய் வீட்டுக்குத் திரும்பி வந்தவர். “பொறுத்துப் போ என்று சொல்லத்தான் இதைக் கொடுத்தாரா மேடம்?” என்று என்னிடம் கேட்டார். அந்த அக்கா அப்படி நினைத்துக் கொடுத்திருக்கவே மாட்டார். அவருக்கு மிகவும் பிடித்த கதை அது. பலமுறை எடுத்துப் போயிருக்கிறார். தனக்குப் பிடித்தது அவளுக்கும் பிடிக்கும் என்று நினைத்தார். (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஒரே ஒருமுறை நடந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். கரு கலைந்து ஓய்வில் இருந்தவருக்குப் பிரசவத்தில் குழந்தை இறக்கும் கதை போயிருக்கிறது. கணவரை இழந்து ஆண்டு திரும்பாதவருக்கு, நாயகன் விபத்தில் மாண்டுபோகும் கதையை அவருடைய அண்ணியே எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் ‘காதல் கதைதானே, படித்தால் மனம் லேசாகும்’ என்கிறார்கள். கொடுத்தவர் யாரும் கெட்டவர் இல்லை. ஆனால் யாரும் வாங்குகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

‘எல்லாக் காதல் நாவலும் ஒன்றுதான்’ என்ற எண்ணத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. படிக்காதவர்கள் இளக்காரமாகச் சொல்கிறார்கள் என்றால் விட்டுவிடலாம். நாவல்களிலேயே ஊறிய வாசகர்களும் இதையே சொல்கிறார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இருவர் சந்திக்கிறார்கள், இடையில் ஒரு தடை வருகிறது, கடைசியில் சேர்கிறார்கள். இந்த எலும்புக்கூடு பொதுவானதுதான். வாசகர் தேடி வருவது அதை அல்ல. தடை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சில கதைகளில் சாதியோ சொத்தோ பெரியவர்களின் பகையோ வெளியே நின்று தடுக்கும். காதலர்கள் இருவரும் ஒரே பக்கம் இருப்பார்கள். வேறு சில கதைகளில் தடையே அவர்கள் இருவருக்கும் நடுவில்தான் இருக்கும்: ஒருவரை ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டு முந்நூறு பக்கம் முறைத்துக்கொண்டிருப்பார்கள். முதல் வகையை உருகி உருகிப் படிப்பவர்களில் பலருக்கு இரண்டாம் வகை எரிச்சலூட்டும். “வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினால் தீர்ந்துவிடுமே” என்று புத்தகத்தை மூடி வைத்துவிடுவார்கள். அந்த முறைப்புக்காகவே வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் அமைதியான கதையைக் கொடுத்தால் “ஒன்றுமே நடக்கவில்லையே” என்பார்கள்.

அடுத்து, காதல் எப்போது தொடங்குகிறது என்பது. திருமணத்தில் முடியும் கதை ஒன்று. பெரியவர்கள் முடித்துவைத்த திருமணத்துக்குப் பிறகு, ஒரே வீட்டுக்குள் இரண்டு அந்நியர்கள் மெல்ல மெல்ல நெருங்கும் கதை இன்னொன்று. எங்கள் ஊரில் இந்த இரண்டாவது வகைக்குத்தான் காத்திருப்போர் அதிகம். கூட்டுக் குடும்பம் நிறைந்த கதையை விரும்புகிறவருக்கு மாமியாரும் நாத்தனாரும் சித்தப்பாவும் வேண்டும். சமையலறையில் நடக்கும் பேச்சு வேண்டும். காதலர் இருவர் மட்டுமே பக்கத்துக்குப் பக்கம் வந்தால் அவருக்கு மூச்சு முட்டும். நெருக்கமான காட்சிகள் எந்த அளவு என்பதும் ஒரு கேள்வி. கதவு சாத்தப்படும் இடத்தில் அத்தியாயம் முடிய வேண்டும் என்பவர்கள் உண்டு. முடியாவிட்டால் தவறில்லை என்பவர்களும் உண்டு. இதை வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஓய்வு பெற்ற ஆசிரியைகள் சிலர் துணிச்சலான கதைகளைத் தயங்காமல் கேட்டு வாங்கிப் போகிறார்கள். கல்லூரி மாணவிகளில் பலர் கைகூடத் தொடாத கதைகளைத்தான் தேடுகிறார்கள். ஆண்களும் எடுத்துப் போகிறார்கள். வீட்டில் கேட்டார்கள் என்று சொல்லி எடுத்துப் போய், திருப்பித் தரும்போது கதையைப் பற்றி அவர்களே கால் மணி நேரம் பேசுவார்கள். அவர்களுடைய ரசனையையும் கேளுங்கள்.

முடிவு விஷயத்தில் நான் கண்டிப்பானவள். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்களின் சங்கம் தங்கள் வகை நாவலுக்கு இரண்டு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. காதல்தான் கதையின் மையமாக இருக்க வேண்டும். முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். 1908இல் லண்டனில் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகம், மருத்துவமனைக் காதல், வரலாற்றுக் காதல் என்று வரிசை பிரித்து அட்டையிலேயே அச்சிட்டுவிடுகிறது. வாங்குபவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று ஓரளவு தெரியும். தமிழில் அந்த வசதி இல்லை. நெஞ்சம், நிலவு, தென்றல், மலர் ஆகியவற்றைத் தலைப்பில் மாற்றி மாற்றி வைத்தால் அட்டையைப் பார்த்து என்ன புரியும்? நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ தமிழர்கள் கொண்டாடிய காதல் கதை. பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைக்கும் அளவுக்குக் கொண்டாடினார்கள். ஆனால் அரவிந்தன் இறந்துவிடுகிறான். தந்தையை இழந்த குடும்பத்தைத் தாங்கும் ஒரு பெண்ணின் கதையாக அதைக் கொடுங்கள், எழுந்து நின்று வரவேற்கிறேன். ‘நல்ல காதல் கதை, ஜாலியாக இருக்கும்’ என்று கொடுக்காதீர்கள்.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. காதல் நாவல் கேட்டவரைக் ‘கொஞ்சம் உயர்த்திவிடலாம்’ என்று தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளைக் கையில் திணிப்பது. எனக்கு மிகவும் பிடித்த நாவல் அது. பாபுவும் அவனைவிடப் பத்து வயது மூத்த யமுனாவும் கும்பகோணமும் இசையும் வாசகரை உள்ளே இழுத்துக்கொள்ளும், அவர் அதற்குத் தயாராக வந்திருந்தால். வேலை முடிந்து அலுத்து வந்து, இரவு தூங்குமுன் சேர்ந்து வாழும் இருவரைப் பற்றி இருபது பக்கம் படிக்க வேண்டும் என்று கேட்ட பெண்ணுக்கு அது பதில் ஆகாது. அவர் இரண்டு வாரம் வைத்திருந்துவிட்டு, தனக்குப் படிக்கவே தெரியாது என்ற எண்ணத்தோடு திருப்பித் தருவார். இதைச் செய்கிறவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. ஒரு வாசகரை இழக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

எங்கள் தொழிலில் இதற்கெல்லாம் பழைய சட்டம் இருக்கிறது. சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி. தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு, வேலைக்கு வந்ததும் ‘காதல் நாவலா? அந்த அலமாரியில் பாருங்கள்’ என்று விரலை நீட்டும் சக நூலகர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பொறியியல் நூல் கேட்டு வந்தவரிடம் எந்தத் துறை, எந்த ஆண்டு என்று கேட்கிறோம் அல்லவா? இவரிடமும் கேட்க வேண்டும்.

என்ன கேட்பது? ‘உங்களுக்கு எந்த மாதிரிக் கதை பிடிக்கும்?’ என்று கேட்டால் யாருக்கும் பதில் வராது. சங்கடப்பட்டு, ‘எதுவானாலும் சரி’ என்பார்கள். கடைசியாக ரசித்துப் படித்தது எது, அதில் எந்த இடம் நினைவில் நிற்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்லும் இடமே வழி காட்டிவிடும். “அவன் ஊட்டி எஸ்டேட்டில் அவளுக்காகக் காத்திருப்பானே” என்றால் ஊரும் சூழலும் அவருக்கு முக்கியம். “அவள் வேலையை விடமாட்டேன் என்று சொல்லும் இடம்” என்றால் நாயகியைப் பார்த்துப் புத்தகம் தேட வேண்டும். நான்சி பெர்ல் என்ற அமெரிக்க நூலகர் கதை, பாத்திரம், களம், மொழி என்று, வாசகர் ஒரு நூலுக்குள் நுழையும் நான்கு வாசல்களாக இதைப் பிரித்திருக்கிறார். என் மேசையில் எப்போதும் உதவும் பிரிவினை அது.

அதைவிட முக்கியமான கேள்வி: எந்தப் புத்தகத்தைப் பாதியில் வைத்தீர்கள்? பிடித்ததைச் சொல்லத் தயங்குகிறவர்கள்கூடப் பிடிக்காததை உடனே சொல்லிவிடுவார்கள். “அடிக்கிற நாயகன் வேண்டாம்”, “மாமியார் கொடுமை வேண்டாம், வீட்டில் அதுவே போதும்”, “குழந்தை இல்லாதவளைக் குத்திப் பேசும் கதை வேண்டாம்.” இப்படிச் சொன்ன பிறகு காரணம் கேட்காதீர்கள். காரணம் அவருடையது. குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த முறையும் நினைவில் வையுங்கள்.

கொடுக்கும்போது உள்ளே இருக்கும் கனமான விஷயத்தை ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். கட்டாயத் திருமணம், வன்முறை, தற்கொலை முயற்சி, குழந்தை இழப்பு, நாயகனோ நாயகியோ இறப்பது. ‘கதையைச் சொல்லிவிட்டால் சுவாரசியம் போய்விடும்’ என்று வாதாடுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. காதல் நாவலைக் கையில் எடுப்பவர் பெரும்பாலும் இருவரும் சேர்வார்கள் என்று தெரிந்தே எடுக்கிறார். எப்படிச் சேர்கிறார்கள் என்பதில்தான் அவருடைய ருசி. இணையத்தில் தொடராக எழுதும் பெண் எழுத்தாளர்கள் சிலர், முன்கோபக்கார நாயகன், வன்முறைக் காட்சிகள் உண்டு என்று முதல் அத்தியாயத்துக்கு முன்பே எழுதிவிடுகிறார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். வன்முறை நாயகன் கதைகளைத் தேடிப் படிப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. தெரிந்து எடுப்பது அவர்கள் உரிமை. தெரியாமல் ஒருவர் தலையில் கட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

செயலிகளில் நட்சத்திரங்களைப் பார்த்துப் பரிந்துரைப்பதையும் நிறுத்துங்கள். நாலாயிரம் பேருக்குப் பிடித்தது என்பதிலிருந்து உங்கள் தங்கைக்குப் பிடிக்கும் என்று ஆகிவிடாது. தொடர்கதைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வாரம் இரண்டு அத்தியாயம் வீதம் படித்தவர்களுக்கு, ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் வரும் அதிர்ச்சி இனிக்கும். அதே கதை புத்தகமாக வந்து ஒரே மூச்சில் படிக்கும்போது களைப்பூட்டும்.

வயதானவர்களுக்கு எடுத்துக் கொடுப்பவர்கள் தயவுசெய்து புத்தகத்தைப் பிரித்து எழுத்தைப் பாருங்கள். மலிவுத் தாளில் பொடி எழுத்தில் வரும் மாத நாவலைக் கண்புரை உள்ளவரிடம் கொடுத்துவிட்டு, ‘அம்மாவுக்கு இப்போதெல்லாம் படிப்பில் நாட்டம் இல்லை’ என்கிறார்கள். அந்தப் பெரியவர் முன்பே படித்த புத்தகமா என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். பழைய வாசகிகள் பலர் குறிப்பிட்ட ஒரு பக்க எண்ணின் கீழ் பென்சிலால் சின்னப் புள்ளியோ எழுத்தோ போட்டு வைப்பார்கள். நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது, தெரியும். தலைப்புகள் இப்படிக் குழப்பினால் அவர்கள் வேறு என்னதான் செய்வார்கள்? அம்மா எந்தப் பக்கத்தில் அடையாளம் வைப்பார் என்று கேட்டுவிட்டு வாருங்கள். ஒரே புத்தகத்தை இரண்டாம் முறை சுமக்க வேண்டியிருக்காது. அல்லது ஒரு சின்ன நோட்டு வாங்கிக் கொடுத்து, தலைப்பை எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மகள் கைப்பேசியில் காதல் கதை படிப்பது தெரிந்ததும் பிடுங்கி எறியாதீர்கள். அதன் பிறகும் படிப்பாள், உங்களிடம் சொல்லாமல். என்ன கதை என்று கேளுங்கள். அவன் அவளை மிரட்டுகிறானே, உனக்கு அது சரியாகப் படுகிறதா என்று பேசுங்கள். மரியாதையாக நடந்துகொள்ளும் நாயகர்கள் உள்ள கதைகளைத் தேடித் தரச் சொல்லி எங்களிடம் வாருங்கள். இருக்கின்றன. நாங்கள் எடுத்துத் தருகிறோம்.

ஒருவருக்கு ஒரே புத்தகத்தைக் கொடுத்து எதிர்பார்ப்போடு முகத்தைப் பார்க்காதீர்கள். வகைக்கு ஒன்றாக மூன்று கொடுங்கள். முதல் பத்துப் பக்கம் படித்துவிட்டு அவரே ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். பிடிக்காமல் திருப்பித் தந்தால் முகத்தைத் தொங்கப் போடாதீர்கள். ஏற்கெனவே தவறான புத்தகத்தைக் கொடுத்துவிட்டதாகத் தோன்றினால் இன்றே போய் அதைத் திரும்ப வாங்கி வாருங்கள். ‘பிடித்ததா?’ என்று கேட்டால் உங்கள் மனம் நோகக் கூடாது என்று ‘ஆமாம்’ என்றுதான் சொல்வார்கள். ‘எதுவரை படித்தீர்கள்?’ என்று கேளுங்கள்.